ஆறு ஓட்டையின் கதை

மாமா வீட்டுப் பழைய ரிசீவரை காயலான் கடைக்குப் போடப் போனாங்க மக்களே. திருப்பிப் பார்த்தா பின்னாடி "5.1 இன்புட்"னு ஆறு ஓட்டை. எனக்குக் குடுங்கன்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

1987ல வந்த டால்பி புரோலாஜிக்குக்கு ரெண்டு ஒயர் போதும். ஸ்டீரியோவுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கற நடு, பின் சத்தத்தை ரிசீவர் பிரிச்சுக்கும். 1995ல லேசர் டிஸ்க்ல டால்பி டிஜிட்டல் (அப்போ பேரு ஏசி-3) வந்ததும்தான் வம்பு. தட்டுல இடம் ஏது? வலது அனலாக் டிராக்கைத் தூக்கிட்டு, அந்த இடத்துல 2.88 மெகாஹெர்ட்ஸ்ல இதைத் திணிச்சாங்க. பழைய பிளேயர்ல அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்! பிளேயர்லேர்ந்து டீமாடுலேட்டர், அங்கேர்ந்து டிகோடர், அங்கேர்ந்து ஆறு ஆர்சிஏ ஒயர் ரிசீவருக்கு. 'டால்பி டிஜிட்டல் ரெடி'ன்னு வித்த ரிசீவருக்குள்ள டிகோடரே கிடையாது, ஓட்டை மட்டும்தான் :-) (எங்க ஆபீஸ்லயும் 'ரெடி'க்கு அதான் அர்த்தம்.)

ஆனா பாருங்க, டிகோடர் வெளிய இருந்ததாலதான் அந்த ரிசீவர் பிழைச்சுது. 2006ல ப்ளூ-ரேயோட வந்த ட்ரூஎச்டியைக்கூட, 5.1 அனலாக் அவுட் உள்ள பிளேயர் பிரிச்சு அனுப்பினா, எச்டிஎம்ஐ இல்லாமலே கேக்கலாம். ஸ்பீக்கர் தூரம், சப்வூஃபர் எல்லாம் பெரும்பாலும் பிளேயர்லயே செட் பண்ணணும், அவ்ளோதான்.

நான் ஒயரை மாத்திக் குத்தி, ஹீரோ வசனம் முதுகுக்குப் பின்னாடி கேட்டது தனிக்கதை.