ஏரிவாரியமும் தோட்டவாரியமும்

முன்னுரை

ஊரின் சோலையையும் நீர்நிலையையும் காத்தல் அரசின் கடனா, ஊரவர் கடனா என்னும் வினா இன்று நகரங்கள்தோறும் எழுகின்றது. பழைய செங்கற்பட்டு மாவட்டக் கல்வெட்டுகளில் இதற்கு விடை உண்டு. ஊரவர்க்கு அதிகாரம் அளித்தல் மட்டுமே பசுமையைக் காவாது. நீரும் சோலையும் ஓர் அவையின்கீழ் அமைதலும், பொறுப்பேற்றோர் கணக்குக் காட்டுதலும் உடன் வேண்டும் என்பதே அது. அதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள்

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூர், முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. 1898-ஆம் ஆண்டுத் தொகுப்பிற் சேர்க்கப்பெற்ற இவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர் வி. வெங்கையா ஆவர். குடவோலைத் தேர்தல்பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அத்தேர்தல் எப்பணிகட்கு ஆள் தேடிற்று என்பது அத்துணை நோக்கப்படவில்லை.

ஊர் முப்பது குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனால் ஒன்று எடுப்பித்தனர். இங்ஙனம் வந்த முப்பதின்மருள், முன்னர்த் தோட்டவாரியமும் ஏரிவாரியமும் செய்தாரும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தாருமாகிய பன்னிருவர் சம்வத்சரவாரியராயினர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்டவாரியமும், அறுவர் ஏரிவாரியமும் ஏற்றனர். பதவிக்காலம் 360 நாள்.

இதனின்றும் இரண்டு செய்திகள் போதரும். சோலையைக் காத்தல் ஏனைப் பணிகட்கு இணைப்பாகச் செய்யப்படும் சிறு தொழிலாக அன்றித் தனி வாரியம் பெற்ற ஊர்ப்பணியாக இருந்தது. அன்றியும், தோட்டமும் ஏரியும் பேணிய பட்டறிவே ஆண்டுவாரியம் ஏறுதற்குரிய தகுதிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

நீரின் முதன்மை

பல்லவர் காலத்திலேயே அவ்வூரில் வைரமேகத் தடாகம் என்னும் பேரேரி இருந்தது. அதனைத் தூர்வாருதற்குக் கொடைகள் அளிக்கப்பட்டன. செங்கற்பட்டுப் பகுதி பேராறுகளால் வளம்பெறுவது அன்று. பருவமழையை ஏரியில் தேக்கி வாழ்வது. ஏரி தூர்ந்தால் தோட்டம் வாடும். ஆகவேதான் ஒரே குடவோலையில் வந்தோரே இரு வாரியத்திற்கும் பகுக்கப்பட்டனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கணக்கும் தகுதியும்

வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். கடந்த மூவாண்டுகளுள் வாரியம் செய்தாரும் விலக்கப்பட்டனர். சபை இவ்வொழுங்கினைச் செய்தபோது அரசாணையின்வழி வந்த அதிகாரி உடனிருந்தார். எனவே அரசு ஒதுங்கி நிற்கவில்லை. ஒழுங்கினை உறுதிசெய்து, செயலை ஊரிடம் விட்டது.

எனினும் இவ்வமைப்பினை முற்றும் புகழ்தல் வரலாற்று நெறியன்று. 35 முதல் 70 வயது வரையுள்ள, இறைசெலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே குடவோலை உரியது. ஏரி வெட்டிய கைகட்கும், நிலம் உழுத குடிகட்கும் அங்கு இடமில்லை. ஆண்டவர் சிலர்; உழைத்தவர் பலர்.

இற்றைநாள் நிலை

அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழற் காப்பு, பூங்கா, விளையாட்டிடம் ஆகியவை பன்னிரண்டாம் அட்டவணையில் நகரமைப்புகட்கு உரியனவாகக் குறிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டரைக் கடந்த மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடையளிக்கப்பட வேண்டும் என்பதும் விதியாகும்.

ஆயின் உரிமை ஓரிடத்தும் நீர் வேறிடத்தும் நிற்கின்றன. செங்கற்பட்டு நகரின் பூங்காக்கள் நகராட்சியைச் சார, அந்நகரை ஒட்டிய கொளவாய் ஏரி மாநில நீர்வளத் துறையைச் சார்கின்றது. மாமல்லபுரத்தில் இப்பிளவு இன்னும் மிகும். முதலாம் இராசராசன் காலத்தே நகரத்தார் கூடி ஊர்நிலத்தைத் தாமே நான்கு கூறாக வகுத்துக்கொண்ட செய்தியைக் கடற்கரைக் கோயிற் கல்வெட்டு கூறும். இன்றோ, அங்கு நினைவுச் சின்னங்களைச் சூழ்ந்த பசும்புல் வெளிகள் நடுவணரசின் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன; கடலோரம் நடுவணரசின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்கு உட்பட்டது. அச்சின்னங்கள் உலகிற்கே உரியன ஆதலின் இக்காவல் வேண்டுவதே. எனினும் ஊரவை தன் ஊர்ப் பசுமையின் பெரும்பகுதிக்கு விருந்தினனாக நிற்கின்றது.

மேலும், 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. கொடையாகப் பெற்ற திறந்தவெளி பூங்காவாயிற்றா, புதராயிற்றா என வினவ, வட்டத்து உறுப்பினர் ஒருவரும் இலர். 2022 நவம்பர் 1-ஆம் நாள் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டமை இக்குறையைத் தீர்க்கும் முதற்படியாகும். நகர மன்றங்களில் பெண்டிர்க்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்டுள்ளமையால், பராந்தகன் காலத்துச் சபையினும் அவை விரிந்த அடித்தளம் உடையன.

முடிவுரை

பழைய சபையின் குறுகிய வாயிலை நாம் திறந்துவிட்டோம். அதன் கண்டிப்பை இன்னும் பெற்றிலோம். பகுதி சபை, தன் பகுதியின் மரத்தை மட்டுமன்றி அம்மரத்திற்கு நீரூட்டும் ஏரியையும் வினவும் உரிமை பெறல் வேண்டும். ஆண்டுதோறும் திறந்தவெளியின் கணக்கு அதன்முன் வைக்கப்படல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத அதிகாரப் பகிர்வு, ஏரியில்லா ஊரில் தோட்டவாரியம் அமைத்தது போன்றதே ஆகும் என்க.