செம்பருத்தி இலை மஞ்சளாகுதா? வைரஸா, உப்புத் தண்ணியா, புகையா... கண்டுபிடிப்பது எப்படி?

ராயபுரம் மொட்டை மாடி முதல் எண்ணூர் குப்பம் வரை, வாசலில் ஒரு செம்பருத்தித் தொட்டியைப் பார்க்கலாம். பூ சாமிக்கு, இலை தலைக்கு. அந்த இலை மஞ்சளானால் வடசென்னையில் முதலில் வரும் சந்தேகம், "கம்பெனி புகைதான் காரணமோ?" என்பதுதான். சில நேரம் அது சரி. பல நேரம் காரணம் தொட்டிக்குள்ளேயோ, இலைக்கு அடியிலேயோ இருக்கும்.

எந்த இலை, எப்படி மாறியிருக்கு?

* அடி இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சள்: தழைச்சத்து குறைவு, அல்லது தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது.
* கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து குறைவு.
* இலை ஓரம் கருகுவது: பெரும்பாலும் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுப் பிரச்னை. கடலோரத்தில் போர் தண்ணீர் மட்டும் ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்பு சேரும்.
* மேலே கருப்புப் படலம்: தண்ணீர் ஊற்றினால் போய்விட்டால் தூசி, சாம்பல். பிசுபிசுவென ஒட்டி, எறும்பும் ஏறினால் கரும்பூசணம். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளர்வது இது.

வைரஸ் என்றால்?

வெளிர் பச்சையும் கரும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். அல்லது நரம்பு தடித்து, இலை கிண்ணம் மாதிரி சுருண்டு, புதுத் தளிர் சிறுத்துவிடும். இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. பருத்தியைத் தாக்கும் இலைச்சுருட்டு வைரஸ் ஒன்று, 2006இல் சீனாவின் குவாங்சோவில் செம்பருத்தியில்தான் கண்டறியப்பட்டது. பருத்தி, வெண்டை, செம்பருத்தி மூன்றும் ஒரே குடும்பம். அதனால் மாடியில் வெண்டை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புகை பாதிப்பை எப்படிப் பிரிப்பது?

வைரஸ் மெதுவாக, ஒரு செடியில் தொடங்கி அதே இனச் செடிகளுக்குப் பரவும். வாயு அப்படியில்லை. முருங்கை, துளசி, செம்பருத்தி என்று பார்க்காமல், காற்று வீசிய பக்கம் உள்ள செடிகளை ஒரே நேரத்தில் கருக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கசிந்தது அமோனியா. அந்த வாயு அதிகமானால் இலை கருகும். பல வகைச் செடிகள் ஒரே ராத்திரியில் கருகினால் அது செடி நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. தேதியோடு போட்டோ எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.

"மருந்து அடிச்சா சரியாகிடுமா?"

வைரஸுக்கு மருந்து இல்லை. அது செடியின் செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண் செலவு. கிளையை மட்டும் வெட்டினாலும் போகாது, ஏனெனில் செடி முழுக்கப் பரவியிருக்கும். செய்யக்கூடியது பரவாமல் தடுப்பதுதான்.

1. சந்தேகச் செடியைத் தனியாக வையுங்கள். பக்கத்தில் வெண்டை இருந்தால், நோய்ச் செடியை வேரோடு பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துவது நல்லது.
2. அதிலிருந்து குச்சி ஒடித்து யாருக்கும் தர வேண்டாம். குச்சியோடு வைரஸும் போகும்.
3. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.
4. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

மற்ற குறைகளுக்கு வழி உண்டு. உப்புக்கு, மழைநீரையோ மெட்ரோ தண்ணீரையோ அடி ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். இரும்புச்சத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பாருங்கள். சாம்பல் படிந்தால் வாரம் ஒருமுறை இலையைக் கழுவினாலே போதும்.

குழப்பமாக இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம். செடியைப் பிடுங்கும் முன் அந்த ஒரு போன் கால் நல்லது.