நீலத் தொப்பியும் இரண்டு பிரதிகளும்

சென்ற ஆண்டு மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ எழுதுவினைஞர் என்பது, பளாப்பத்வெலயைத் தாண்டிய பின்னரே தெரிந்தது. 2004 ஒக்டோபரில் ஹெய்ட்டிக்குப் புறப்பட்ட இலங்கையின் முதலாவது தொகுதியில், ஏறத்தாழ 750 பேரில் ஒருவராக அவரும் போயிருக்கிறார். அங்கே சண்டை எப்படி என்று கேட்டேன். "நான் பேனைதான் பிடித்தேன், அய்யே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். கடமையில் எத்தனை பேர், நோயில் எத்தனை பேர், விடுப்பில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு காலையும் கணக்கெழுதுவதே அவர் வேலை.

முப்பது வருடங்களாகச் செய்தி எழுதிவரும் எனக்கு அந்தப் பேனையின் மீது அக்கறை பிறந்தது. அமைதி காக்கும் படை என்றதும் நாம் நீலத் தொப்பியையும் வெள்ளைக் கவச வாகனத்தையும்தான் படம் போடுகிறோம். அவற்றை நகர்த்துகிற மேசைகளைப் பற்றி எழுதுவது குறைவு.

அம்மேசைகளுக்கு எண்கள் உண்டு. ஒன்று ஆளணி, இரண்டு புலனாய்வு, மூன்று நடவடிக்கை, நான்கு வழங்கல், ஐந்து திட்டமிடல், ஆறு தொடர்பாடல் என்று ஒன்பது வரை நீள்கிறது; ஒன்பதாவது, பொதுமக்களுடனான உறவு. பிரெஞ்சு இராணுவத்தின் 'பியூரோ' முறையிலிருந்து வந்த ஏற்பாடு இது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கர் அதனைக் கைக்கொண்டனர். 1949இல் உருவான இலங்கை இராணுவமோ வேறொரு முறையைக் கொண்ட பிரித்தானியரின் வாரிசு. நேபாளியரும் பிரேசிலியரும் இலங்கையரும் ஒரே முகாமில் கூடும்போது, எண்தான் பொதுமொழி. பட்டாலியனில் எஸ், ஐ.நா. படைத் தலைமையகத்தில் யூ என்று எழுத்து மாறும், எண் மாறாது.

சம்பளத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. படைத் தலைமையகத்தில் தனியாக நியமனம் பெறும் பதவிநிலை அதிகாரிக்கு ஐ.நா. நேரடியாகவே வாழ்க்கைப்படி வழங்குகிறது. தொகுதியோடு போகும் சிப்பாய்க்கு அப்படியில்லை. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று (2018 ஜூலையில் அது 1,428 டொலராக இருந்தது) அரசாங்கத்துக்கே பணம் வருகிறது. சிப்பாயின் கைக்கு எவ்வளவு போகவேண்டும் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கும். ஆகவே என் பயணத் தோழரின் தலைக்கணக்கு வெறும் வருகைப் பதிவு அல்ல.

அந்தக் கணக்கில் எப்போதும் இரண்டு பிரதிகள் எடுப்பாராம். ஒன்று ஐ.நா. படைத் தலைமையகத்துக்கு. மற்றையது கொழும்புக்கு.

இந்த இரண்டு பிரதிகளுக்குள்தான் முழு விவகாரமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. எங்கே காவல் நிற்பது, எந்த வீதியில் ரோந்து போவது என்பதை ஐ.நா. படைத் தளபதி கட்டளையிடலாம். ஒரு சிப்பாயைத் தண்டிக்க அவரால் முடியாது. ஒழுக்கமும் குற்ற விசாரணையும் தேசியத் தொகுதியின் தளபதியிடமும் அவரது அரசாங்கத்திடமும் இருக்கின்றன. 2007 நவம்பரில், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹெய்ட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோரில் சிறுவர்களும் இருந்தனர். ஐ.நா.வின் அதிகாரம் விமான நிலையத்தோடு முடிந்தது. அவர்களில் எவரும் சிறை செல்லவில்லை என்பதை அசோசியேட்டட் பிரஸ் 2017இல் வெளியிட்ட விசாரணையே உலகுக்குச் சொன்னது. பத்து வருடங்கள்! இங்கிருந்த பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

பின்னர் மேசைகளோடு ஒரு புதுப் பொறுப்பும் சேர்ந்தது: தேசிய விசாரணை அதிகாரி. போகுமுன்னர் ஒவ்வொருவரின் கடந்தகாலத்தையும் ஆராயும் பணி இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் வந்தது. ஆனாலும் 2018 ஒக்டோபரில், மாலியில் இருந்த இலங்கைத் தொகுதியின் தளபதியைத் திருப்பி அழைக்கும்படி ஐ.நா. கேட்டது, அவரது மனித உரிமைப் பின்னணியே காரணம். அதே தொகுதியினர் வண்டித் தொடர்களுக்குக் காவலாகப் பாலைவனப் பாதைகளில் உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2019 ஜனவரி 25இல் டுவென்சா அருகே குண்டு வெடித்து இருவர் மாண்டனர்.

கடந்தகாலம் என்ற சொல் மாத்தளையில் சாதாரணமாக உச்சரிக்கக்கூடியதன்று. 2012 நவம்பரில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வளவைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 150 பேருக்கும் அதிகமானோரின் எச்சங்கள். எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் ஒன்றுபடவில்லை. 1989இல் பிள்ளைகளைத் தொலைத்த பெற்றோர் அந்த வேலிக்கு வெளியே நின்றனர். அந்த வருடத்தில் எந்த அதிகாரி எங்கே கடமையில் இருந்தார் என்பதும் ஏதோவொரு முதலாம் எண் மேசையில் எழுதப்பட்டுத்தான் இருக்கவேண்டும்.

விசேட படையணியின் தலைமையகம் இருக்கும் நாவுலயில் அவர் இறங்கினார். ஹெய்ட்டியில் உழைத்த காசில் கட்டிய வீடு உள்ளே இருப்பதாகச் சொன்னார். இறங்குமுன் ஒன்று கேட்டேன்: கொழும்புக்குப் போன பிரதிகளை யாராவது வாசித்தார்களா?

"கோப்பில் போட்டிருப்பார்கள், அய்யே" என்றார்.