மண்ணைக் கழுவும் வேலை யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை மரைன் ஹில்லிலிருந்து சிப்பிகாட் பக்கம் மகளோடு ஸ்கூட்டரில் போயிருந்தேன். சாலையோரம் எங்கு பார்த்தாலும் தண்ணீர். இங்கே நெல் விளைந்தது, 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து கடல் உள்ளே வந்துவிட்டது என்று சொன்னேன். "அப்போ இதை யாரும் சரி பண்ண மாட்டாங்களாப்பா?" என்றாள்.

கடல் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் மனிதன் கெடுத்த நிலம் என்றால் அந்தக் கேள்வியை விடக்கூடாது. அந்தமானுக்கு மாற்றலாகி வருமுன் நான் வத்தலக்குண்டில் இருந்தவன். அதனால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது கொடைக்கானல்.

நான் பி.காம். படித்து வங்கிக்கு வந்த ஆள். வேதியியல் எனக்குத் தூரம். பற்று வரவு மட்டும் புரியும். அந்தக் கண்ணோட்டத்திலேயே இந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லவ் கெனால் என்று ஓர் இடம். ஒரு ரசாயன நிறுவனம் அங்கே சுமார் 20 ஆயிரம் டன் கழிவைப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடி, 1953-ல் அந்த நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு டாலர் வரவு, பற்றுப் பக்கம் எத்தனையோ கோடி! கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980-ல் வந்தது இதற்குப் பிறகுதான்.

அடுத்த சில வருடங்களில் அதே நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கிளம்பிக் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். மலையூரில் வேலை கிடைப்பது சின்ன விஷயமா? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் சிறு மணிகளாகச் சிதறும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் வரைக்கும் போகும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மண்ணில் கலந்தது மட்டும் இங்கேயே தங்கியது. உடல்நலப் பாதிப்புக்கு ஆதாரம் இல்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016-ல் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா, கூடாதா என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நஷ்ட ஈடு பற்றிப் பேசினோம், மில்லிகிராம் பற்றிப் பேசினோம். மண்ணைக் கழுவும் வேலை யாருக்கு என்று அதிகம் பேசவில்லையே?

அமெரிக்காவில் அதையும் கேட்டிருக்கிறார்கள். அங்கும் கெட்ட நிலங்களின் பக்கத்தில் வசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பின மக்கள், வந்தேறிய குடும்பங்கள். சுத்தம் செய்யப் பணம் வந்தபோது வெளியூர் கம்பெனிகள் வந்து வேலையை முடித்துப் போய்விட்டன. தெருவுக்கு நோய், வெளியூருக்குச் சம்பளம்! இதை மாற்றத்தான் 1998-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை, அந்தந்தப் பகுதியில் வேலையில்லாதவர்களுக்கே பயிற்சி கொடுக்க மானியம் தர ஆரம்பித்தது. அபாயக் கழிவைக் கையாள 40 மணி நேரப் பாடம், முகக்கவசம் அணியும் முறை, மண் மாதிரி எடுப்பது, பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸையும் ஈயப் பெயிண்டையும் அகற்றுவது... முடித்தால் சான்றிதழ், வேலை தேடவும் உதவி. இதுவரை 20 ஆயிரம் பேருக்கு மேல் பயிற்சி முடித்திருக்கிறார்கள்.

பாதரச மண்ணுக்கும் முறை இருக்கிறது. சலித்துக் கழுவினால் பாதரசம் அதிகம் ஒட்டியிருக்கும் நுண்துகள் தனியே பிரியும். அதை மூடிய உலையில் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கலாம். கற்றுக்கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வராதா என்ன?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஏற்கனவே விஷத்தோடு வாழ்ந்தவர்களைப் போதிய பாதுகாப்பில்லாமல் மறுபடியும் அதே மண்ணில் இறக்குவது இரண்டாவது அநியாயம். முதல் முறை அவர்களுக்கு இல்லாமல் போனது அந்த அறிவுதான். அதனால் பயிற்சியை ஒரு சலுகையாக நினைக்க வேண்டாம். பழைய பாக்கியில் அதுவும் ஒரு பகுதி. வங்கி மொழியில் சொன்னால், நஷ்ட ஈடு கொடுத்ததும் கணக்கை மூடிவிட முடியாது. மண்ணும் சுத்தமாகி, அதன் பக்கத்தில் இருப்பவன் கையில் ஒரு தொழிலும் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

நாளை மகளிடம் இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம் மக்களே, உங்கள் ஊரில் இந்தப் பயிற்சி நடப்பதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன :-)