அலை புடைத்த மணல்

நாஞ்சில் மண்ணின் கதை – 14

சுரங்கம் என்றால் மலையைக் குடைய வேண்டும். மணவாளக்குறிச்சியில் அந்தப் பாடு யாரும் படவில்லை. மலைப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையில் மக்கிப் பொடிந்து, ஆறுகளோடு இறங்கிக் கடலில் சேர்ந்தது. வேளிமலையில் பிறக்கும் நம் வள்ளியாறும் அந்த வேலையைச் செய்த ஆறுதான். பிறகு அலையின் முறை. ஆனி, ஆடியில் சீறும் கடல், முறத்தில் அரிசி புடைப்பதுபோல லேசான வெண்மணலை வாரிக்கொண்டு போய், கனத்ததைக் கரையில் விட்டது. கறுப்பாக இல்மனைட், சிவப்பாக கார்னெட், ஊடே தேன் நிறத்தில் மோனசைட். நம்மவர்களுக்கு எல்லாமே கருமணல்தான்; சோற்றுக்கு ஆகாத மண்.

அதைப் பொன்னாக்கியது தேங்காய்த் தும்பு. திருவிதாங்கூர்க் கயிறு கப்பலேறி ஐரோப்பா போகும்போது கொஞ்சம் மணலும் ஒட்டிக்கொண்டு போகும். வாங்குகிறவன் உதறிவிட்டுத் திட்டியிருப்பான். ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் அந்த அழுக்கைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட்!

அதற்கு ஏன் அவ்வளவு கிராக்கி? கவுண்டமணியின் பெட்ரோமாக்ஸ் காமெடியில் தொட்டதும் உதிர்ந்துபோகுமே, அந்த மேண்டிலில் இருக்கிறது பதில். ஆஸ்திரியரான ஆவர் கண்டுபிடித்த அந்த வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஐரோப்பியத் தெருக்களில் அப்போது எரிந்ததெல்லாம் கேஸ் விளக்கு. தோரியம் கிடைப்பது மோனசைட்டில். அந்த மணல் பிரேசிலிலிருந்து வந்தது; அந்த வியாபாரம் ஜெர்மன் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. நம் மணலிலோ பிரேசில் மணலைவிடத் தோரியம் கூடுதல்.

ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். 1914-ல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் அவரைக் கைது செய்தார்கள். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போர் முடிந்தபின் மின்விளக்கு பரவி, மேண்டிலின் மவுசு தேய்ந்தது. ஆனாலும் ஆலை பிழைத்துக்கொண்டது, அதுவரை சீண்டப்படாத இல்மனைட்டால். கன்னங்கரேலென்ற அந்த மணலிலிருந்துதான் பளீரென்ற வெள்ளை பெயின்ட்டுக்கான டைட்டானியம் ஆக்சைடு வருகிறது.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியத்துக்கு மறுபடி யோகம். இம்முறை அணுசக்தியின் பேரில். இந்திய அருமணல் நிறுவனம் 1950-ல் பிறந்தது. ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை 1952-ல் நேரு திறந்துவைத்தார். 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அதற்குள் ஊரே திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ன் கதை அடுத்த வாரம்.