ஓவியம் சோறு போடுமா? - ஈஞ்சம்பாக்கத்தில் கிடைத்த ஒரு பதில்

நம்ம வீடுகள்ல ஒரு பையனோ பொண்ணோ நல்லா படம் வரைஞ்சா ஏழாவது எட்டாவது வரைக்கும் ஒரே பாராட்டுதான். வர்ற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் டிராயிங் நோட்டை எடுத்துக் காட்டுவாங்க. அதே பிள்ளை ப்ளஸ் டூ முடிச்சுட்டு "நான் ஓவியக் கல்லூரிக்குப் போறேன்"னு சொன்னா வீடே அமைதியாயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு யாராவது ஒரு பெரியப்பா கேட்பார்: "அதெல்லாம் சரி, சோறு போடுமா?"

கேள்வியில தப்பு ஒண்ணும் இல்லைங்க. நியாயமான கேள்விதான். அறுபது வருஷத்துக்கு முன்னாடி சென்னையில சில ஓவியர்கள் இதே கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயம். சென்னை கலையை ஆதரிக்காத ஊர்னு யாரும் சொல்லிட முடியாது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல ஆரம்பிச்சது. 1927-ல சென்னையில நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்து, அதிலிருந்து 1928-ல மியூசிக் அகாடமி பிறந்தது. அப்புறம் மயிலாப்பூர், தி.நகர்னு பேட்டைக்குப் பேட்டை சபா. ராஜாக்களும் ஜமீன்தார்களும் போன பிறகு கச்சேரியையும் பரதநாட்டியத்தையும் தாங்கிப் பிடிச்சது யாரு? சந்தா கட்டி சீசன் டிக்கெட் வாங்கின வக்கீல்களும் குமாஸ்தாக்களும் மாமிகளும்தான். வேற ஊர்க்காரங்க பார்த்துப் பொறாமைப்படுற ஏற்பாடு அது.

ஆனா ஓவியத்துக்கு அப்படி எதுவும் கிடையாது! சித்திரத்துக்கு சபா இல்லை, சந்தா இல்லை, மார்கழி இல்லை. கச்சேரியை ஐந்நூறு பேர் சேர்ந்து கேட்கலாம், ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தா போதும். ஓவியத்தை ஒரே ஒருத்தர் மொத்த விலையும் கொடுத்து வாங்கணும். அந்த ஒருத்தர் இந்த ஊர்ல ரொம்ப அபூர்வம்.

இத்தனைக்கும் ஓவியப் பள்ளி இங்கே ரொம்பப் பழசு. அலெக்ஸாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் 1850-லயே மெட்ராஸில் கலைப் பள்ளி தொடங்கிட்டார். எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னைக்கு அரசு கவின்கலைக் கல்லூரியா இருக்கிறது அதுதான். ஆனா பல காலம் அங்கே முக்கியமா சொல்லிக் கொடுத்தது கைத்தொழில். மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம்... ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறுப்பில் இருந்தப்போ 1898-ல அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யவே ஆரம்பிச்சாங்க. நம்ம வீட்டு அலுமினியச் சட்டிக்கும் ஓவியக் கல்லூரிக்கும் அப்படி ஒரு உறவு :-)

அப்புறம் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். மெரினா உழைப்பாளர் சிலை செஞ்சவர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அவர் காலத்துலதான் ஓவியமும் சிற்பமும் கைத்தொழிலைத் தாண்டி முன்னுக்கு வந்தது. அவரோட மாணவர்தான் நம்ம கதாநாயகர், கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ல கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944-ல நண்பர்களோட சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கம் ஆரம்பிச்சார். 1957-ல கல்லூரி முதல்வர் ஆனார். அங்கே உட்கார்ந்து பார்த்தப்போ ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியிருக்கணும். வருஷா வருஷம் திறமையான பசங்க வெளியே போறாங்க. போய் என்ன பண்றாங்க? சிலர் டிராயிங் மாஸ்டர். சிலர் விளம்பரக் கம்பெனி. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தா நெசவாளர் சேவை மையத்துல டிசைனர் வேலை. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் மாதிரி பெரிய ஓவியர்களே அங்கே வேலை பார்த்தவங்கதான். மத்தவங்க தூரிகையைக் கீழே வெச்சுட்டுக் கிடைச்ச வேலைக்குப் போயிடுவாங்க.

இங்கேதான் அந்தப் பழைய கைத்தொழில் திரும்ப வருது.

படம் விற்கலைன்னா போகட்டும், ஜனங்க என்ன வாங்குவாங்களோ அதைச் செய்வோம், மிச்ச நேரத்துல நமக்குப் பிடிச்சதை வரைவோம். இதுதான் யோசனை. கலைஞர்கள் கைவினைச் சங்கம்னு ஒண்ணு அறுபதுகளின் தொடக்கத்தில் உருவாச்சு. கையில எடுத்தது முக்கியமா பத்திக். துணியில உருக்கின மெழுகால கோலம் போட்டு சாயத்துல முக்குவாங்க. மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. அப்புறம் மெழுகை எடுத்துட்டா கோடு மட்டும் வெளியே தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் திரும்பத் திரும்ப இதே வேலை. மெழுகு வெடிச்ச இடத்துல சாயம் உள்ளே ஓடி நரம்பு நரம்பா வரும். அதுதான் அதுக்கு அழகே. கோடு போடத் தெரிஞ்ச கைக்கு இது தோதான வேலை. பத்திக்கோட தோல் வேலை, உலோக வேலைன்னு மத்ததும் உண்டு.

அந்தப் பத்திக் விற்றது! நவீன ஓவியத்தைப் பார்த்து "இது என்ன கிறுக்கல்"னு போனவங்க, அதே ஓவியர் கையால செஞ்ச துணியை சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச கட்டம். கையில காசு வந்தா நாம என்ன செய்வோம்? பிரிச்சுக்குவோம். ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு, பழைய கடனை அடைச்சுட்டு, ரெண்டு மாசம் நிம்மதியா இருப்போம். இவங்க அதைச் சேர்த்து வெச்சு நிலம் வாங்கினாங்க. 1966-ல, திருவான்மியூர் தாண்டி ஈஞ்சம்பாக்கத்துல, கடலோரம் சுமார் 10 ஏக்கர். அன்னைக்கு அது மணலும் சவுக்குத் தோப்புமா கிடந்த இடம். கரண்ட் கிடையாது. முதல்ல போனவங்க ஓலைக் குடிசை போட்டுக்கிட்டாங்க. பேரு சோழமண்டலம். கொரமாண்டல்னு வெள்ளைக்காரன் வாயில திரிஞ்ச பேரோட மூலம் அது. அடுத்த வருஷமே பணிக்கர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே வந்துட்டார்.

ஜெ. சுல்தான் அலி, சேனாதிபதி, கே.எம். கோபால், பி.எஸ். நந்தன், வாசுதேவ், அர்னவாஸ், ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், அனிலா ஜேக்கப்... இப்படி அங்கே இருந்தவங்க பட்டியல் நீளும். சென்னைப் பாணின்னு இன்னைக்குப் புத்தகங்கள்ல எழுதுறாங்களே, அதுல ஒரு பெரிய பங்கு இந்த மணல்ல வளர்ந்ததுதான். பாரதி பேருல ஒரு திறந்தவெளி அரங்கம்கூட கட்டினாங்க.

சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. எல்லாரும் தங்கலை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் அறுபதுகளின் கடைசியிலேயே பாரிஸ் போயிட்டாங்க. வாசுதேவ் பின்னாடி பெங்களூர் போயிட்டார். தனபால், முனுசாமி மாதிரி கல்லூரியின் பெரிய ஆசிரியர்கள் அங்கே குடியேறவே இல்லை.

கே. ராமானுஜம் கதை மனசை அறுக்கும். பேச்சு சரியா வராது, மனநோய் வேற. ஆனா பேனாவும் மையும் கிடைச்சா மாளிகையும் பறக்கிற பிராணிகளும் தேவதைகளுமா ஒரு தனி உலகத்தையே வரைஞ்சுடுவார். அதுக்கு நடுவுல தொப்பி போட்ட ஆளா தானே நிற்பார். பணிக்கர் அவரை அரவணைச்சார், சோழமண்டலம் இடம் கொடுத்தது. கன்னிமரா ஹோட்டலுக்குப் பெரிய சுவரோவியங்கள்கூட வரைஞ்சார். அப்படியும் 1973-ல, முப்பது வயசைத் தாண்டின கொஞ்ச நாள்லயே, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். கூரையும் சோறும் கூட்டாளிகளும் ஒரு மனுஷனுக்கு அவசியம்தான். எல்லாத்துக்கும் அதுவே போதாதுன்னு இந்த இடத்துல ஒத்துக்கணும்.

எழுதுறவங்க நாம, அதனால இதையும் சொல்லிடுறேன். அதே கல்லூரியில் படிச்ச ஆதிமூலமும் ஆர்.பி. பாஸ்கரனும் அந்தக் காலச் சிற்றிதழ்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தாங்க. சிற்றிதழ் நடத்தினவங்க கையில காசு இல்லைங்கிறது ஊருக்கே தெரியும். பணமே இல்லாத ரெண்டு கூட்டம் ஒண்ணை ஒண்ணு ஆதரிச்சதும் இந்த ஊர்லதான் நடந்தது.

பணிக்கர் 1977-ல காலமானார். அவர் மகன் சிற்பி நந்தகோபால் ரொம்ப வருஷம் சோழமண்டலத்தோட செயலாளரா இருந்து பார்த்துக்கிட்டார். 2009-ல சென்னை ஓவிய இயக்கத்துக்குன்னே அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தாங்க. 2017-ல நந்தகோபாலும் போயிட்டார். ஈஞ்சம்பாக்கம் 2011-லயே சென்னை மாநகராட்சிக்குள்ள வந்தாச்சு. அன்னைக்கு யாரும் சீண்டாத மணல், இன்னைக்கு ஈ.சி.ஆர். மனை. அங்கே விலையைக் கேட்டா எனக்குத் தலை சுத்துது. அன்னைக்குக் காசைப் பிரிச்சுக்கிட்டிருந்தா இந்தக் கடற்கரையில ஓவியர்னு யாரும் ஒரு சென்ட் வாங்கியிருக்க முடியாது.

எனக்கு அடிக்கடி தோணுறது ஒண்ணு. அந்த நிலத்துக்குக் காசு கொடுத்தது யாரு? ராஜா இல்லை, கோடீஸ்வரன் இல்லை. சுவர்ல மாட்ட ஒரு பத்திக் துணி வாங்கிட்டுப் போன யாரோ ஒரு டீச்சரம்மா, யாரோ ஒரு பேங்க் ஆபீசர். அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. தாங்க ஒரு கலைஞர் கிராமத்துக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. கச்சேரிக்கு சீசன் டிக்கெட் வாங்கினவங்க மாதிரிதான் இவங்களும். ஓவியத்துக்கும் ஒரு சபா இருந்திருக்கு, நாற்காலி மட்டும்தான் போடலை.

அதனால அந்தப் பெரியப்பாவுக்கு என் பதில் இதுதான்: ஓவியம் தனியா சோறு போடாது பெரியப்பா. நாலு பேர் சேர்ந்தா போடும். அந்த நாலு பேர்ல வாங்குறவங்களும் சேர்த்தி.

அடுத்த தடவை மகாபலிபுரம் போறப்போ வண்டியை இடது பக்கம் ஓரங்கட்டி ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பாருங்க. மரத்தடியில கல்லும் செம்புமா சிற்பங்கள் நிற்கும். பெருசா எதுவும் வாங்க முடியலைன்னா பரவாயில்லை, சின்னதா ஒண்ணு வாங்குங்க. அந்த ஊர் எழும்பினதே சின்னச் சின்னதா வாங்கினவங்களாலதான்.

பத்திக் துணி உங்க வீட்டுப் பழைய பெட்டியில ஏதாவது இருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.