சேலத்தில் ‘தியேட்டர்’ என்ற சொல்

எங்க பக்கம் ‘தியேட்டர்’ என்றால் சினிமாக் கொட்டகை. கூத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தச் சொற்பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். 1930களின் நடுவில் சேலம் ஏற்காடு சாலையில் அவர் தொடங்கிய படநிலையத்துக்கு வைத்த பெயர் மாடர்ன் தியேட்டர்ஸ். 1937இல் முதல் படம் ‘சதி அகல்யா’. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த நடிகர்கள் இங்கே மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். மில்லின் நேர ஒழுங்கு கலைக்குள் நுழைந்த இடம் இது என்பேன். 1963இல் சுந்தரம் இறந்தார். பின்னர் நிலையமும் மூடப்பட்டது. நுழைவு வளைவுதான் மிச்சம்.

சேலத்தின் கலை வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் அந்த வளைவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. வரலாறு மட்டும் பிரியாமல் அங்கேயே கிடக்கிறது.

வளைவுக்கு வெளியே என்ன நடந்தது? கருமாதி வீட்டில் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவன் நான். முகவீணையும் மிருதங்கமும் விடிய விடியக் கேட்கும். கர்ணன் சாகும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண்கள் அழுவது கர்ணனுக்கா, செத்துப்போன அப்பாவுக்கா என்று பிரிக்க முடியாது. எம்.ஏ. படிக்கப் போனபோதோ, படிப்பதற்கென்றே எழுதப்பட்ட ‘மனோன்மணீயம்’ (1891) ‘நாடகம்’. நான் பார்த்தது ‘நாட்டுப்புறவியல்’. யார் வைத்த வேலி இது?

நவீன நாடகக்காரர்கள் வேலியைத் தாண்டினார்கள், உண்மைதான். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றார்கள். பெரிய காரியம். ஆனால் தெருக்கூத்து என்றாலே வடாற்காட்டுக் கூத்து என்ற சமன்பாடும் கூடவே உருவாகிவிட்டது. சேலத்து ஆட்டம் மறுபடியும் வெளியே நின்றது. இதில் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் பங்குண்டு. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ கூத்துக் கலைஞர்களைப் பக்கங்களுக்குள் கொண்டுவந்தது விதிவிலக்கு.

கூத்துக்காரருக்கு வளைவு கிடையாது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தறிக்கோ காட்டு வேலைக்கோ போகிறவரின் ஆவணம் அவர் மனப்பாடம்தான். ஒரு வாத்தியார் சாகும்போது ஒரு பாடத்திட்டமே போகிறது. அவருடைய கருமாதிக்கும் கர்ண மோட்சம்தான் ஆடுவார்கள். அதை ஆட அப்போது ஆள் இருக்க வேண்டும்.